கிளமென்ட் வைத்த ஒன்பது சுற்று

துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் மூன்றாவது கடை ஆரோக்கிய மாதா டைலர்ஸ். சனிக்கிழமை மதியம் ஒன்றே கால் மணிக்கு ஜெனிதா அதன் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குச் சாப்பிடக் கிளம்பினாள். இருபது அடி போயிருக்க மாட்டாள். பூட்டிய கடைக்குள்ளிருந்து டமார் என்று ஒரு சத்தம். எதிர்ச்சாரி டீக்கடைச் சுப்பையன் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தார்.

“ஏனுங்க அம்மணி, கேஸு கீஸு வெடிச்சுப்போச்சுங்களா?”

“தையக்கடையில ஏதுங்கண்ணா கேஸு?”

ஜெனிதா திரும்பி வந்து பூட்டைத் திறந்து ஷட்டரைத் தூக்கினாள். அது அசையவில்லை. இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். நாலு விரற்கடை எழும்பியது, பிறகு பொத்தென்று உட்கார்ந்துகொண்டது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கடைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“ஸ்பிரிங்குங்கண்ணா. ஸ்பிரிங் போயிருச்சு.”

“அட, அவ்வளவுதானுங்களா? நானு என்னமோன்னு பயந்துபோட்டேன். ஆளைக் கூப்புட்டா ஒரு மணி நேரத்து சோலி. உள்ள துணி ஏதாச்சும் அவசரமுங்களா?”

அவசரம்தான். மறுநாள் ஞாயிறு பங்குக் கோயிலில் புதுநன்மை, பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். இருபத்து மூன்று பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுனும் வெள்ளைச் சட்டையும் தைத்துத் தேய்த்து உள்ளே மாட்டியிருந்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தாய்மார்கள் வந்து நிற்பார்கள். ஆனால் ஜெனிதா அந்த நேரத்தில் அழுதது கவுனுக்காக அல்ல. ஊரில் எத்தனையோ ஷட்டர் ஸ்பிரிங் தினமும் ஒடிகிறது, யாரும் அதற்குக் கண்ணீர் விட்டதாகக் கேள்விப்பட்டதில்லை. அதனால் சுப்பையன் என்ன செய்வதென்று தெரியாமல், போய் டீ எடுத்து வந்தார். பாவம், அவர் கையில் இருந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

ஜெனிதாவின் புருஷன் கிளமென்ட் ஷட்டர் மாட்டுகிற தொழிலாளி. கணபதியிலிருந்து காரமடை வரைக்கும் அவர் மாட்டிய ஷட்டர்களை எண்ணிச் சொல்ல முடியாது. மூன்று வருஷத்துக்கு முன்பு வால்பாறையில் ஒரு மளிகைக் கடைக்கு ஷட்டர் மாட்டிவிட்டு, பஸ்ஸில் மலை இறங்கி வந்துகொண்டிருந்தார். கொண்டை ஊசி வளைவுகள் முடிந்து ஆழியாறு வந்ததும் பக்கத்து சீட்டுக்காரர் எழுப்பிப் பார்த்தார். எழவில்லை. நெஞ்சடைப்பு என்றார்கள்.

இந்தக் கடையின் ஷட்டரை அவர் மாட்டியது ஒன்பது வருஷத்துக்கு முன்பு. வழக்கமாகக் கூட வேலை செய்யும் நாகூர் மீரான் அந்த வாரம் தங்கை கல்யாணத்துக்குப் போய்விட்டான். ஸ்பிரிங்கை முறுக்குவது ஒற்றை ஆள் வேலை இல்லை. வாசலுக்கு மேலே குறுக்காக ஒரு பைப். அந்தப் பைப்பில் இரண்டு வட்டமான இரும்புப் பெட்டி. பெட்டிக்குள் சுருள் சுருளாக எஃகுப் பட்டை. ஷட்டரை மேலே ஏற்றி வைத்துக்கொண்டு, பைப்பை ரெஞ்ச் போட்டுச் சுற்றினால் உள்ளே பட்டை இறுகும். ஒருவர் சுற்ற வேண்டும். அவர் பிடி மாற்றுகிற நேரத்தில் இன்னொருவர் இன்னொரு ரெஞ்ச் போட்டு, பைப் திரும்பி ஓடிவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த இன்னொருவராக அன்று ஸ்டூல் மேல் ஏறி நின்றது ஜெனிதா.

“கெட்டியாப் புடிச்சுக்க அம்மணி. உட்டீன்னா என்ற பல்லு போயிரும்.”

“போனாப் போவுது. கடைக்கு வர்ற பொம்பளைகளைப் பாத்து இளிக்காம இருப்பீங்கல்ல.”

ஒன்பது சுற்று. ஒவ்வொரு சுற்றும் முந்தினதைவிடக் கனம். முடித்து, பைப் திரும்பாதபடி கிளாம்பை இறுக்கிவிட்டு, வேர்வையைத் துடைத்தபடி கிளமென்ட் சொன்னார்:

“தினமும் நீ ஷட்டரை எறக்கறப்ப ஸ்பிரிங்குக்குப் பலத்தைக் குடுக்கறே. ஏத்தறப்ப அது உனக்குத் திருப்பிக் குடுக்குது. அது உன்ற வரவு செலவு. ஆனா இந்த ஒம்போது சுத்து மட்டும் நான் குடுத்தது. இது உள்ளயே கெடக்கும். கிளாம்பைக் கழட்டிப் பைப்பை அவுத்துவுட்டாத்தான் போகும். அதுவரைக்கும் இது என்ற கைப் பலம்.”

“பெரிய கைப் பலம்! அடுப்படிக்கு ஒரு அலமாரி மாட்டிக் குடுக்கத் துப்பில்ல” என்றாள் அவள். அலமாரி கடைசி வரைக்கும் மாட்டப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் போன பிறகு ஒவ்வொன்றாகப் போனது. சட்டைகளில் இருந்த வாசம் முதல் வருஷத்திலேயே போய்விட்டது. பழைய போனைக் கொடுத்துப் புதுப் போன் வாங்கியபோது, ‘வர லேட்டாகும், நீ சாப்புட்டுப் படு’ என்று அவர் அனுப்பிவைத்த குரல்களெல்லாம் போய்விட்டன. எஞ்சி நின்றது ஷட்டர்தான். காலையில் குனிந்து தூக்குவாள். முழங்கால் வரைக்கும் அவள் பாடு. முழங்காலைத் தாண்டியதும் மேலே யாரோ கை கொடுத்தது போல அது தானாக ஏறும். அந்த இடத்தில் தினமும், யாருக்கும் கேட்காமல், “வந்துட்டீங்களா” என்பாள். பைத்தியமா என்றால் பைத்தியம்தான், ஆனால் கணக்குத் தெரிந்த பைத்தியம். ஒன்பது சுற்று உள்ளே இருக்கிறது, யாரும் அவிழ்க்கவில்லை. அவர் மண்ணுக்குப் போயும் அவர் கைப் பலம் வாசலுக்கு மேலே சுருண்டு கிடக்கிறது. இதில் தப்பு எங்கே என்று யாராவது காட்டட்டும்.

மீரான் வருஷத்துக்கு ஒரு தடவை வரப் பார்த்தான். ஸ்பிரிங்குக்கு எண்ணெய் விட்டு, தளர்ந்திருந்தால் ஒரு சுற்று கூட்டி வைப்பது அந்தத் தொழிலின் வழக்கம். முதல் வருஷம் சாக்குச் சொல்லி அனுப்பினாள். இரண்டாம் வருஷம் அவன் ஏணியோடு வந்துவிட்டான். “அவரு கையை எடுத்துப்போட்டு உன்ற கையை வெக்கப் போறியா?” என்று கேட்டாள். மீரான் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனவன்தான், பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

டீயைக் கொடுத்துவிட்டுச் சுப்பையன், “சும்மா இழுக்காதீங்க அம்மணி, தோளு புடிச்சுக்கும்” என்றார்.

“என்ற தோளுக்கு ஒண்ணும் ஆகாதுங்கண்ணா. அதை மாதா பாத்துக்கிட்டாங்க.”

இந்தக் கதை அந்தச் சந்துக்கே தெரியும். நாலு வருஷத்துக்கு முன்பு ஜெனிதாவின் வலது தோள்பட்டை இறுகிப்போய்விட்டது. கத்தரி பிடிக்க முடியாது, ஜடை பின்ன முடியாது, எல்லாவற்றையும்விட ஷட்டரைத் தூக்க முடியாது. ஊசி போட்டுப் பார்த்தாள், எண்ணெய் தேய்த்துப் பார்த்தாள். கடைசியில் கருமத்தம்பட்டி மாதாவுக்கு ஒன்பது நாள் நவநாள் வேண்டிக்கொண்டாள். பத்தாம் நாள் காலையில் கடைக்கு வந்து பயந்து பயந்து ஷட்டரைத் தொட்டால், இடது கைக்கே விர்ரென்று ஏறிவிட்டது! வலது கைக்கும் வலிக்காமல் ஏறியது; நாள் போகப் போகக் கத்தரியும் ஜடையும்கூடக் கைக்கு வந்தன. அன்றே பஸ் ஏறிப் போய் வெள்ளியில் ஒரு கை வாங்கிக் காணிக்கை போட்டாள். அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிளமென்ட், “ஆமாங்க, மாதா கை வெச்சா எதுதான் லேசாகாது?” என்று எல்லோரையும்விடப் பலமாக ஆமென் போட்டார். கோயிலுக்குள் வருவதற்கே நூறு சாக்குச் சொல்கிற மனுஷன் அன்று போட்ட ஆமென்னைப் பற்றி அவள் பல நாள் பெருமையாகப் பேசியிருக்கிறாள்.

இரண்டரை மணிக்கு மீரான் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தான். அவனும் சுப்பையனும் டீ குடிக்க வந்த இரண்டு பேருமாகச் சேர்ந்து ஷட்டரை மூச்சுப் பிடித்துத் தூக்கி, கீழே இறங்காதபடி முட்டுக் கொடுத்தார்கள். கவுன்களுக்கு ஒன்றுமில்லை. வெள்ளை வெளேரென்று வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஜெனிதா அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“என்னாச்சு தம்பி?”

மீரான் ஏணியில் ஏறி, மூடியைக் கழற்றி, டார்ச் அடித்தான். “ஒரு பொட்டி ஒடஞ்சு போச்சுங்கக்கா. இன்னொண்ணு நிக்குதுங்க.”

“அப்ப… பாதி இருக்குதா?”

அவன் கேள்வியைப் புரிந்துகொண்டான். இறங்கி வராமல் மேலிருந்தபடியே சொன்னான்: “பாதி இருக்குதுங்க.”

“அது போதும். அப்படியே மூடிப்போடு.”

“ஒத்தைப் பொட்டி இந்த எடையைத் தூக்காதுங்களே.”

“தினமும் சுப்பையண்ணனைக் கூப்புட்டுக்கறேன். இல்லாட்டிப் போறவர்ற ஆளைக் கூப்புட்டுக்கறேன். நீ எறங்கு.”

மீரான் இறங்கினான். அவன் கையில் ஒடிந்த பட்டையின் ஒரு துண்டு இருந்தது. அதை அவள் முன்னால் வெட்டுமேசையில் வைத்தான். ஓரமெல்லாம் துரு. ஒடிந்த வாயில் பாதி பழுப்பு, பாதி பளபளப்பு.

“இதைப் பாருங்கக்கா. பழுப்பா இருக்கறது முந்தியே விரிசல் உட்ட எடம். பளபளன்னு இருக்கறது இன்னிக்கு ஒடஞ்சது. துரு புடிச்ச எடத்துல சின்னதா ஒரு கீறல் உழுகும். தெனம் ஏத்தி எறக்க எறக்க அது பெருசாகும். சும்மா முறுக்கி வெச்சே இருந்தா ஸ்பிரிங் லேசுல கெடாதுங்க, ஏறி எறங்கறதுலதான் அதுக்கு வயசாகுது. எண்ணெய் கண்டிருந்தா இன்னும் பத்து வருசம் நின்னிருக்கும்.”

ஜெனிதா அந்தத் துண்டை எடுத்துப் பார்த்தாள். விரலில் துரு ஒட்டியது. மூன்று வருஷமாக யாரையும் தொடவிடாமல் காத்தாள். காத்ததே அதைத் தின்றுவிட்டது. ஏணியோடு வந்தவனை விரட்டிய அன்றே இது ஒடிய ஆரம்பித்திருக்கிறது. 

“இன்னொண்ணும் இப்படித்தான் இருக்குதா?”

“அதே துருதானுங்க. இன்னிக்கோ நாளைக்கோ, அதுவும் போயிரும். யாரும் இல்லாதப்ப, பூட்டின கடைக்குள்ள, டமார்னு போகும்.” மீரான் கொஞ்சம் தயங்கினான். “இல்லீன்னா நம்ம கையால எறக்கலாமுங்க. மெதுவா. ஒவ்வொரு சுத்தா.”

டமார் என்று ஒரு பாதி போனபோது ஜெனிதா முதுகைக் காட்டிக்கொண்டு தெருவில் நடந்துகொண்டிருந்தாள். வால்பாறை மலையிலிருந்து அவர் இறங்கி வந்தபோதும் அப்படித்தான், இங்கே ஏதோ ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை அப்படி ஆக விடக் கூடாது.

“எறக்கலாம்” என்றாள். “ஒரு ரெஞ்சு நான் புடிக்கறேன்.”

“அக்கா, வேண்டாமுங்க, கை போயிரும்.”

“ஏத்தறப்பப் புடிச்சது நான்தான் தம்பி.”

கவுன்களை உள்பக்கம் தள்ளி மாட்டிவிட்டு, வெட்டுமேசையை வாசலருகே இழுத்துப் போட்டார்கள். அவள் சேலையைச் சொருகிக்கொண்டு மேசை மேல் ஏறினாள். மீரான் ஏணியில். இரண்டு ரெஞ்சும் பைப்பைக் கவ்வின. கிளாம்பின் நட்டு கிரீச்சென்று கழன்றது.

அடுத்த நொடி ரெஞ்ச் அவள் கையைப் பிடித்து இழுத்தது.

எதிர்பார்த்துத்தான் நின்றாள், ஆனாலும் அவ்வளவு பலத்தை எதிர்பார்க்கவில்லை. பாதிப் பலமே இவ்வளவா! உயிருள்ள ஆள் இழுப்பது போலத்தான் இருந்தது. பண்டிகைக் கூட்டத்தில் மணிக்கட்டைப் பிடித்து, “வா அம்மணி, பஸ்ஸு போயிரும்” என்று அவர் இழுத்துக்கொண்டு போவாரே, அந்த இழுப்பு. அவள் கண்ணை மூடிக்கொண்டு எதிர்த்துப் பிடித்தாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவர் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக ஒரு இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“மெதுவாங்கக்கா. கொஞ்சங்கொஞ்சமா உடுங்க. நானு புடிச்சுக்கறேன்… ஒண்ணு.”

இரண்டு. மூன்று. விட மனமில்லாமல் விட்டாள். நாலாவதில் கைக்கு இழுப்புப் பழகிவிட்டது. ஐந்தாவதில் அது தளர்வது தெரிந்தது, உடனே இன்னும் மெதுவாக விடத் தொடங்கினாள். மீரானுக்கு ஏணியில் கால் கடுத்திருக்கும், அவசரப்படுத்தவில்லை. ஏழு. எட்டு. இப்போது அது இழுக்கவில்லை, தூங்கப் போகிறவன் கையைப் பிடித்திருப்பது போல லேசாகப் பிடித்திருந்தது.

“ஒம்போது” என்றான் மீரான்.

ஜெனிதா கண்ணைத் திறந்தாள். முடிந்தது என்று நினைத்துக் கையைத் தளர்த்தப் போனாள்.

“நில்லுங்கக்கா! உட்றாதீங்க. இன்னும் இருக்குது.”

“ஒம்போது ஆச்சேப்பா?”

“ஆச்சுங்க. ஆனா இழுக்குதுங்களே. நீங்களே பாருங்க.”

ஆமாம், இழுத்தது. மெல்ல, ஆனால் பிடிவாதமாக. மீரான் முகத்தைச் சுளித்தான். “இந்த அகலத்து ஷட்டருக்கு ஒம்போதுதானுங்க கணக்கு. கிளமென்ட் அண்ணன் கணக்குத் தப்பறவரு இல்ல. வேற யாராச்சும் வந்து சுத்தினாங்களாக்கா?”

“யாரையும் நான் தொட உடலையே.”

“உங்க தோளு வலிச்சப்ப யாராச்சும்…” என்று அவன் ஏதோ கேட்க ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான்.

ஜெனிதாவின் வலது கை தானாகத் தோளைத் தொட எழுந்தது. ரெஞ்ச் இருந்ததால் முடியவில்லை. அந்த நவநாளின் ஒன்பதாம் நாள் இரவு ஜெபம் முடித்து அவள் படுக்கும்போது, “ஒரு சோலி இருக்குது, இப்ப வாரேன்” என்று அவர் வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் கிரீஸ். எங்கே போனீர்கள் என்று கேட்டதற்கு, வண்டிச் செயின் கழன்றுவிட்டது என்றார். ஷட்டர் லேசாக ஏறட்டும் என்று கடைக்கு வந்து, ரெஞ்சைக் கயிற்றால் கட்டிவைத்துக்கொண்டு ஒற்றை ஆளாகக் கூடுதலாகச் சுற்றியிருக்க வேண்டும். மறுநாள் அவள் வெள்ளிக் கை வாங்கக் கிளம்பியபோது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுவந்து விட்டதும் அவர்தான். அந்த ஆமென்!

“அட பாவி மனுசா” என்றாள் சத்தமாக. சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணீரும் சேர்ந்து மூக்கு நுனிக்கு வந்து நின்றது, துடைக்கக் கை இல்லை. “வெள்ளிக் கையை எவருக்குப் போட வேண்டியது, எவருக்குப் போட்டேன் பாரு மீரானு.”

மீரானுக்கு விளங்கியதோ இல்லையோ, ரெஞ்சை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

பத்தாவது சுற்றை அவள் அரைக்கால் அரைக்காலாக விட்டாள். பதினொன்றாவதில் இழுப்பு இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியவில்லை. பிறகு ரெஞ்ச் நின்றது.

“அவ்வளவுதானுங்கக்கா.”

“இன்னொண்ணு இருக்கும் பாரு.”

“இல்லீங்க.”

“இருக்கும் தம்பி. அவரு சொல்லாம வெச்சிருப்பாரு.”

மீரான் தன் ரெஞ்சைக் கழற்றிக்கொண்டான். “நீங்களே பாருங்க” என்றான். அவள் சுற்றினாள். பைப் எந்தக் கனமும் இல்லாமல் சுற்றியது. இன்னொரு முறை சுற்றினாள். கடகடவென்று வெறும் இரும்புச் சத்தம் வந்தது. பிறகு தானாகவே ரெஞ்சை அவனிடம் கொடுத்துவிட்டு மேசையிலிருந்து இறங்கினாள்.

புதுப் பெட்டிகள் மாட்டியானதும் மீரான் கேட்டான்: “எத்தனை சுத்துங்கக்கா?”

“பதினொண்ணு.”

“பதினொண்ணு ஆகாதுங்க. கணக்குக்கு மேல முறுக்கினா ஸ்பிரிங்கு சீக்கிரம் ஒடஞ்சுபோகும்.” சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டு மெல்லச் சொன்னான்: “அது அண்ணனுக்கும் தெரியுமுங்க.”

அவள் தலையாட்டினாள். அவள் எண்ணெய் விடாமல் கெடுத்தாள், அவர் கூடுதலாக முறுக்கிக் கெடுத்தார். ஒரு ஸ்பிரிங்கை ஒடிக்கப் புருஷனும் பெண்டாட்டியும் இப்படிச் சேர்ந்து பாடுபட்ட கதை வேறெங்கும் இருக்காது.

“ஒம்போதே வை” என்றாள். “வருசா வருசம் வந்து எண்ணெய் உட்டுப்போட்டுப் போ.”

ஐந்து மணிக்குத் தாய்மார்கள் வந்தார்கள். கவுன்கள் ஒவ்வொன்றாகப் போயின. ஒரு கவுனின் இடுப்பைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள், ஒரு சட்டைக்குப் பொத்தான் மாற்றினாள். மறுநாள் பூசையில் பிள்ளைகள் இரண்டிரண்டாக நடந்து போனபோது தையல் ஒன்றும் பிரியவில்லை. பெரிய மாதா சுரூபத்தின் முன்னால் அவள் மெழுகுவத்தி ஏற்றி வைத்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பினாள். கொடுத்த காணிக்கையைத் திருப்பியா கேட்க முடியும்?

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கடைக்கு வந்தாள். பூட்டைத் திறந்தாள், குனிந்தாள், வலது கையால் கைப்பிடியைப் பற்றித் தூக்கினாள். முழங்கால் வரைக்கும் வந்தது. வழக்கமான இடத்தில், வழக்கமாகச் சொல்வதற்கு வாய் திறந்தாள்.

தோளில் சுருக்கென்று ஒரு வலி. கையை அப்படியே நிறுத்திக்கொண்டாள். புது வலி இல்லை, நன்றாகத் தெரிந்த வலி. நாலு வருஷத்துக்கு முன்பு எந்த இடத்தில் விட்டுப் போனதோ, அதே எலும்பில், அதே இடத்தில் இருந்தது. மீரான் வைத்த ஒன்பது சுற்று கணக்குக்குச் சரி, இந்த அகலத்து ஷட்டருக்கு, நல்ல தோள் உள்ள ஆளுக்கு.

ஷட்டரை முழங்காலில் தாங்கிப் பிடித்தபடி ஜெனிதா மேலே பார்த்தாள்.

“இது ஆறவே இல்லீங்களா?” என்று கேட்டாள். “இத்தனை நாளும் நீங்கதான் தூக்குனீங்களா?”

எதிர்ச்சாரியில் சுப்பையன் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். அவள் இடது கையையும் கொடுத்து, ஷட்டரை மேல் வரைக்கும் ஏற்றினாள்.